முகம் தெரியும்படி ஒரு போட்டோ

எனக்கு ஒருத்தரையும் நம்பத் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்கிற வேலையே அதுதான். துபாயில் ஒரு இன்சூரன்ஸ் ஆபீசில் மருத்துவ கிளெய்ம்களைச் சரிபார்க்கிறவள் நான். ஒரே எக்ஸ்ரேயை மூன்று பேர் பெயரில் அனுப்புவார்கள். போன மாசம் பிடுங்கிப்போட்ட பல்லுக்கு இந்த மாசம் ரூட் கேனால் செய்ததாக பில் வரும். பதினாலு வருஷமாக கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு இதையே பார்த்தால் ஒரு மனுஷி எப்படி இருப்பாள்? காய்கறிக் கடையில் தக்காளியைப் பார்க்கமாட்டேன், தராசைத்தான் பார்ப்பேன். ஐக்கியத்தில் யாராவது அழுதுகொண்டே சாட்சி சொன்னால், கண்ணீர் வருகிறதா, சும்மா கர்ச்சீப்பா என்று பார்ப்பேன். "நீ பரலோகத்துக்குப் போனாலும் வாசல்ல நின்னுக்கிட்டு ஒரிஜினல் டாக்குமென்ட் எங்கேன்னுதான் கேப்பே" என்பார் வீட்டுக்காரர்.

ஐக்கியம் என்றால் எங்கள் தமிழ் ஜெபக்கூட்டம், பன்னிரண்டு குடும்பம். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். சர்ச் காம்பவுண்டில் சனிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு சின்ன ஹால் எங்களுக்கு. பன்னிரண்டு ஆனால் அடுத்த ஆராதனைக்கு எத்தியோப்பியர்கள் வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிடுவார்கள். நாங்கள் ஆமென் சொல்லிக்கொண்டே நாற்காலியை மடக்க வேண்டும். எங்களுக்குத் தலைவர் ஒரு ஏசி கம்பெனி ஃபோர்மேன், நாசரேத் பக்கத்துக்காரர். பெரியவர், சின்னவர் எல்லாருக்கும் அவர் அண்ணாச்சி.

அந்த ஹாலின் கடைசி நாற்காலியில் ஒரு நேபாளி வந்து உட்கார ஆரம்பித்தான். எங்கள் பில்டிங் செக்யூரிட்டி. சனிக்கிழமையானால் கையில் பைபிளோடு எங்கே போகிறீர்கள் என்று அதே பில்டிங்கில் இருக்கிற அண்ணாச்சியிடம் அவனாகவே கேட்டு, அவர் காரிலேயே ஏறி வந்துவிட்டான். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. எல்லாரும் எழுந்தால் எழுவான், பாட்டுக்குக் கை தட்டுவான். நான் பார்த்த அன்றைக்கே முடிவு கட்டிவிட்டேன், இவன் சாப்பாட்டுக்குத்தான் வருகிறான் என்று. ஐக்கியம் முடிந்ததும் ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம் உண்டு. அவன் அதை அங்கே பிரிக்கமாட்டான். ஒருநாள் லிஃப்டுக்கு நிற்கும்போது பார்த்தேன், டூட்டி மாறவந்த பங்களாதேஷ்காரனோடு உட்கார்ந்து பாதிக்குப் பாதி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "இப்ப என்ன சொல்லுதே?" என்றார் வீட்டுக்காரர். "பாதிதானே கொடுத்தான்" என்றேன். அப்படிப்பட்ட வாய் எனக்கு.

மூன்று வருஷம் அப்படியே வந்தான். பிறகு கான்ட்ராக்ட் முடிந்தது, கலாஸ், ஊருக்குப் போய்விட்டான். போன இடத்தில் அவன் ஆரம்பித்த காரியம்தான் இந்தக் கதை.

அவன் ஊர் நேபாளத்தில் மலை மேல். உயர்நிலைப் பள்ளிக்கூடம் கீழே இருக்கிற சின்ன டவுனில். மேலே இருக்கிற கிராமங்களிலிருந்து இறங்கி வர ஒரு பகல் நடக்க வேண்டும். ஆண்பிள்ளைகள் யாராவது சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் படிப்பார்கள். பெண்பிள்ளைகளுக்கு அஞ்சாம் வகுப்போடு சரி. இவன் துபாயில் சேர்த்த காசில் டவுனில் ஒரு பழைய மரவீட்டை வாடகைக்குப் பிடித்து, மேல் கிராமத்துப் பெண்பிள்ளைகள் இருபது பேரைத் தங்கவைத்தான். சமைக்கவும் பார்த்துக்கொள்ளவும் அவன் ஊர்க்காரி ஒருத்தி, புருஷன் இல்லாதவள். அவளுடைய பதிமூணு வயது மகளும் அந்த இருபதில் ஒருத்தி. எங்கள் ஐக்கியத்தில் அவளுக்கு 'வார்டன்' என்று பேர் வைத்துவிட்டோம். வீடு இருந்தால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் உண்டு, வீடு போனால் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

எங்கள் மிஷனரி ஊழியம் என்றால் அதுதான். பணம் அனுப்புகிற பேச்சுக்கே இடமில்லை. இந்த நாட்டில் அனுமதி இல்லாமல் வசூல் பண்ணுவது குற்றம், அண்ணாச்சி அதில் ரொம்பக் கறார். சாமான் மட்டும்தான். சுவெட்டர், ஷூ, நோட்டு, வயசுப்பிள்ளைகளுக்கு நாப்கின். அதையும் கார்கோவில் போடமாட்டோம், லீவுக்குப் போகிறவன் கையில் கொடுத்துவிடுவோம்.

வளைகுடாவில் இருக்கிற எல்லாருக்கும் இந்தப் பழக்கம் தெரியும். ஒருத்தனுக்கு டிக்கெட் போட்டாயிற்று என்று காற்றுவாக்கில் கேட்டால் போதும், "ரெண்டு கிலோ இடம் இருக்குமா?" என்று நாலு பேர் வந்து நிற்பார்கள். சோனாப்பூர் லேபர் கேம்ப்களில் இருக்கிற நேபாளிப் பையன்கள் ஆளுக்கு ரெண்டு கிலோ, மூன்று கிலோ எடுத்துக்கொள்வார்கள். கேம்புக்குள் நான் போக முடியாது. பக்கத்து கிரோசரி வாசலில் காரை நிறுத்தி, கொக்கித் தராசில் பையைத் தொங்கவிட்டு எடை காட்டி, கொண்டுபோகிறவன் கண்முன்னாலேயே ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டி, அப்புறம்தான் டேப் ஒட்ட வேண்டும். ஒரு பையன் ஒவ்வொரு சுவெட்டராக உதறிப் பார்த்துவிட்டு, "இதுல பைபிள், நோட்டீஸ் ஒண்ணும் இல்லையே, தீதி?" என்று கேட்டான். தீதி என்றால் அவர்களுக்கு அக்கா. இல்லை என்றேன், இல்லைதான். ஆனால் இவன் எதற்கு இவ்வளவு உதறுகிறான், நல்ல சுவெட்டர் எது என்று பார்க்கிறானோ என்றுதான் என் புத்தி போயிற்று.

சாமான் போய்ச் சேர்ந்ததும் வாட்ஸ்அப்பில் போட்டோ வரும். அந்தப் போட்டோக்கள்தான் என்னைக் கிளப்பிவிட்டன. முதல் படத்தில் பிள்ளைகள் சுவெட்டர் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், எல்லாம் முதுகு. ரெண்டாவது படத்தில் நோட்டைப் பிடித்த கைகள். மூன்றாவதில் ஷூ போட்ட கால்கள். மற்றவர்கள் "அல்லேலூயா, ஸ்தோத்திரம்" என்று கைகூப்பிய பொம்மையாகப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். எனக்கு மூக்கு வேர்த்துவிட்டது. சாதாரணமாக யாராவது முதுகைப் படம் எடுத்து அனுப்புவார்களா?

ஆபீஸ் கம்ப்யூட்டரில் பெரிதாக்கிப் பார்த்தேன். கையில் மஞ்சள் கயிறு கட்டின ஒரு பிள்ளை. ஒரு மாசப் படத்தில் சிவப்பு சுவெட்டர், அடுத்த மாசப் படத்தில் நீலம், அதற்கடுத்ததில் பச்சை. காதுக்குப் பின்னால் மச்சம் இருக்கிற இன்னொருத்தி, அவளும் அப்படியே. எண்ணி எண்ணிப் பார்த்தாலும் ஏழு பேருக்கு மேல் தேறவில்லை. அன்று சாயங்காலம் நான் சமைக்கவில்லை. காகிதத்தில் பிரின்ட் போட்டு, சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். மகள் நூடுல்ஸ் கிண்டிச் சாப்பிட்டுவிட்டு, "மம்மி, ஆர் யூ எ டிடெக்டிவ் ஆர் வாட்?" என்று கேட்டாள். உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. மறைப்பானேன்?

இங்கே வாட்ஸ்அப்பில் போன் பேச முடியாது, வாய்ஸ் மெசேஜ்தான். எனக்குத் தெரிந்த ஹிந்தியில் அனுப்பினேன். "பாய், இருபது பேரும் ஒரே படத்தில் வேணும். முகம் தெரியணும். ஆளுக்கொரு நோட்டில் பேர் எழுதிப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

ரெண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள், "தீதி, கொஞ்சம் கஷ்டம். ஊர் இப்ப சரியில்லை. முகம் வேண்டாம்" என்று வந்தது. ஊர் சரியில்லையாம்! ஃபைல் அனுப்பு என்று கேட்டால் ஒவ்வொரு கிளினிக்காரனும் இப்படித்தான், சிஸ்டம் சரியில்லை என்பான். இந்தப் பருப்பெல்லாம் என்னிடம் வேகாது.

அடுத்த சனிக்கிழமை ஹாலில் பிரின்டை எடுத்து எல்லார் மடியிலும் வைத்தேன். "வட்டம் போட்டதைப் பாருங்க. இருபது பேரில் ஏழு பேர்தான் இருக்கு. மிச்சம் பதிமூணு சுவெட்டர் எந்தச் சந்தையில் தொங்குதோ, யாருக்குத் தெரியும்?"

அண்ணாச்சி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "அவன் கை சுத்தமான பயம்மா. மூணு வருஷம் நம்மகூட உக்காந்திருக்கான்."

"உக்காந்திருந்தா போதுமா அண்ணாச்சி? நம்ம காதுல பூ சுத்தினா தெரியாதா? கர்த்தருடைய காரியத்தில் கணக்கு வேண்டாமா?"

கர்த்தர் பேரைச் சொன்னதும் அவர் கண்ணாடியைத் திரும்ப மூக்குக்கு இறக்கிவிட்டார். ஒருத்தர் இருமினார், இன்னொருத்தர், சிஸ்டர் சொல்றதிலும் ஒரு நியாயம் இருக்கு என்றார். அப்போது கார்த்திகை முடிகிற நேரம், மலையில் குளிர் ஆரம்பித்துவிட்டது. இருபது கம்பளி வாங்கி என் வீட்டில் கட்டிவைத்திருந்தோம். புதன்கிழமை சோனாப்பூரிலிருந்து ஒரு பிளம்பரும் அவன் ரூமில் இருக்கிற மூன்று பேரும் ஒரே விமானத்தில் போகிறார்கள், மொத்தத்தையும் பிரித்து எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். போட்டோ வந்தால் கம்பளி போகும், வராவிட்டால் போகாது என்று நான்தான் தீர்மானம் சொன்னேன். அதை அப்படியே அவனுக்கும் அனுப்பினேன்.

திங்கட்கிழமை மத்தியானம் சாப்பாட்டு நேரத்தில் போட்டோ வந்தது.

மரவீட்டு முற்றத்தில் இருபது பிள்ளைகள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஆளுக்கொரு நோட்டைக் கழுத்துக்குக் கீழே பிடித்திருக்கிறார்கள். முன்வரிசையில் ஒன்றுக்கு முன்பல் இல்லை. மூன்று பேர் நெற்றியில் சிவப்பாகப் பொட்டு. வார்டன் தன் போனில் எடுத்த படமாம். கூடவே அவன் குரல்: "தீதி, இது உங்க கமிட்டி பார்க்க மட்டும். பார்த்ததும் டிலீட் பண்ணிடுங்க. ப்ளீஸ்."

"அச்சா பாய், ப்ராமிஸ்" என்றேன்.

எண்ணினேன். இருபது. திரும்ப எண்ணினேன். கயிறு கட்டினவள், மச்சக்காரி, பழைய ஏழு பேரும் உள்ளே இருந்தார்கள், மிச்சம் பதிமூன்று பேரும் இருந்தார்கள். அந்த நிமிஷத்தில் எனக்கு வந்தது சந்தோஷமில்லை. ஏமாற்றம். கையில் பிடித்த திருடன் திருடனில்லை என்று ஆனதுபோல ஒரு ஏமாற்றம். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது. என்ன செய்ய, வந்தது அதுதான்.

புதன்கிழமை கம்பளி போயிற்று. ஐக்கியத்தில் எல்லாரும் என்னை மெச்சினார்கள், சிஸ்டர் கேட்டதாலேதானே இந்த முகங்களைப் பார்த்தோம் என்று. அந்த மெச்சல் தலைக்கு ஏறிற்று. பாளையங்கோட்டையில் இருக்கிற என் அக்காவுக்கு அந்தப் படத்தைத் தட்டிவிட்டேன். 'நாங்க தாங்குற பிள்ளைகள், இருபது பேர், நேபாளம். நான்தான் பொறுப்பெடுத்து எல்லாம் பார்க்குதேன். ஜெபிச்சுக்கோ' என்று ஒரு வரி. டிலீட் பண்ணவேண்டிய கை அனுப்பிவிட்டது.

அக்கா அவள் சபை பெண்கள் குழுவில் போட்டாள். நம் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மிஷனரிச் செய்தி என்றால் அதில் எத்தனை பேர் ஞானஸ்நானம் எடுத்தார்கள் என்று ஆத்துமாக் கணக்கு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் உப்பில்லாத கஞ்சி. கைமாற கைமாற ஆளுக்கொரு வரி சேர்த்துக்கொண்டார்கள். மூன்று வாரம் கழித்து தோஹாவில் இருக்கிற ஒரு சிநேகிதி எனக்கே அந்தப் படத்தை அனுப்பினாள். கீழே தமிழிலும் இங்கிலீஷிலும் இருந்தது: 'இமயமலைச் சரிவில் இருளிலிருந்து மீட்கப்பட்டு ஞானஸ்நானம் பெற்ற இருபது ஆத்துமாக்கள்.' நேபாளமும் அந்த டவுன் பெயரும் கொட்டை எழுத்தில்.

ஞானஸ்நானமாவது ஒன்றாவது! அந்த வீட்டில் அவன் பிரசங்கமே வைத்தது கிடையாது. பிள்ளைகள் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள், பள்ளிக்கூடம் போனார்கள். மதம் மாற்றினான் என்று அங்கே பேர் வந்தால் ஜெயிலுக்குப் போகவேண்டிய சட்டம் இருக்கிறது. நெற்றியில் பொட்டு இருக்கிற மூன்று பிள்ளைகளை, ஆத்துமா எண்ணினவர்கள் ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை.

அக்காவுக்குப் போன் போட்டுக் கத்தினேன். "யாருக்கா இப்படி எழுதினது? உடனே எடுக்கச் சொல்லு."

"நீதானட்டி அனுப்பினே? நல்ல காரியம்தானே, நாலு பேர் ஜெபிக்கட்டும். எதுக்கு இப்படிக் குதிக்கே?"

எடுக்கச் சொல்ல எங்கே போவது? யார் யாரிடம் போயிற்று என்று யாருக்கும் தெரியாது. ஒன்றும் ஆகாது, நேபாளத்தில் மலை மேல் இருக்கிறவன் இதையெல்லாம் எங்கே பார்க்கப்போகிறான் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். யார் என்ன சொன்னாலும் நம்பாதவள் அதை மட்டும் நம்பினேன்.

பத்து நாள் கழித்து ஆபீஸ் பான்ட்ரியில் டீ போட்டுக்கொண்டிருக்கும்போது அவன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. யாரோ அந்தப் படத்தை ஞானஸ்நான வரியோடு பெரிதாகப் பிரின்ட் போட்டு டவுன் டீக்கடைச் சுவரில் ஒட்டிவிட்டார்களாம். ஒவ்வொரு பிள்ளை கையிலும் பேர் வேறு இருக்கிறதே, தேடவே வேண்டாம். மேல் கிராமத்திலிருந்து அப்பன்மார், மாமன்மார் இறங்கிவந்து ரெண்டே நாளில் எல்லாப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஒருத்தி, பரீட்சைக்கு ஆறு நாள்தான் இருக்கு, எழுதிவிட்டு வருகிறேன் என்று கெஞ்சியிருக்கிறாள். அப்பன் கேட்கவில்லை. வீட்டுக்காரன் சாவியை வாங்கிக்கொண்டான். அதுவரை முதுகும் கையும் காலுமாக அவன் எடுத்த ஏழு பேரும் அம்மாமார் சரி என்று சொன்ன பிள்ளைகள், வந்த சுவெட்டரையெல்லாம் அவர்களுக்கே மாட்டித்தான் எடுத்திருக்கிறான். மற்ற பதிமூன்று வீட்டிலும் போட்டோவே கூடாது என்று முதலிலேயே சொல்லித்தான் விட்டுப்போயிருக்கிறார்கள். கம்பளிக்காக அந்த ஒருதடவை எடுத்துவிட்டானாம்.

கடைசியில் ஒரு கேள்வி. "தீதி, அந்த போட்டோ உங்ககிட்டேர்ந்து எங்கேயாவது போச்சா?"

டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. பட்டனை அழுத்தினேன். "இல்லை பாய். நான் அன்னைக்கே டிலீட் பண்ணிட்டேன்."

பயம். வேறொன்றுமில்லை. ஐக்கியத்தில் என் முகம் என்ன ஆகும் என்கிற பயம்.

ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. "அச்சா தீதி. நானும் அதைத்தான் சொன்னேன், நம்ம தீதி அப்படிப் பண்ணமாட்டாங்கன்னு." பிரின்ட் கேட்கவில்லை, ஸ்கிரீன்ஷாட் கேட்கவில்லை, ஒரு எதிர்க்கேள்வி கேட்கவில்லை. பதினாலு வருஷத்தில் நான் ஒரு கிளெய்மைக்கூட அப்படி ஒரே பார்வையில் பாஸ் பண்ணினது கிடையாது. மனுஷன் இப்படியும் இருப்பானா என்று அந்த மெசேஜைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அப்போதே இன்னொரு மெசேஜ். "அப்ப வார்டன்தான். அவ போன்லதான் எடுத்தது. ஊரும் அதைத்தான் சொல்லுது."

அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. பதினோரு நாள் திறக்கவில்லை. டூட்டிக்குப் போனேன், வந்தேன், சனிக்கிழமை ஹாலில் அந்தப் பிள்ளைகளுக்காக எல்லாரும் முழங்காலிட்டபோது நானும் முழங்காலிட்டேன். யாராவது என் பக்கம் திரும்பினால், தெரிந்துவிட்டதோ என்று பைபிளை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வேன். அண்ணாச்சி சும்மா, சாப்பிட்டியாம்மா என்று கேட்டால்கூட அதில் என்ன உள்குத்து என்று தேடினேன். கடைசியில் வீட்டுக்காரர், "என்ன, ஒரு வாரமா ஒருத்தரையும் திட்டலையே, உடம்புக்கு ஆகலையா?" என்றார். அவ்வளவுதான், உடைந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டு முடித்துவிட்டு, "இதை என்கிட்ட எதுக்குச் சொல்லுதே? அவன்கிட்டல்லா சொல்லணும்" என்று எழுந்து போய்விட்டார்.

சொன்னேன். அழுதுகொண்டே, தப்புத்தப்பான ஹிந்தியில், ஒன்றுவிடாமல். கேட்டுவிட்டான் என்று நீல டிக் காட்டிற்று. பதில் மறுநாள் சாயங்காலம்தான் வந்தது. திட்டவில்லை. "தீதி, லேட் ஆயிடுச்சு. வார்டன் போயிட்டா." போட்டோவுக்குப் பணம் வாங்கினாள் என்று ஊரே சேர்ந்து துரத்தியிருக்கிறது. மகளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு, விசா தயாராக வைத்திருந்த ஒரு ஏஜென்ட் பின்னால் டெல்லி வழியாக குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போய்விட்டாள். நம்பர் அனுப்பினான். "நீங்களே சொல்லுங்க தீதி. நான் ஊர்ல சொன்னதையும் நான்தான் போய் வாபஸ் வாங்கணும்" என்றான். அவள் மேல் பழி சொன்னவர்களில் அவனும் ஒருத்தன் அல்லவா.

அடுத்த சனிக்கிழமை ஹாலில் எழுந்து நின்று சொன்னேன். யாரும் ஸ்தோத்திரம் சொல்லவில்லை. அண்ணாச்சி, "கம்பளியைப் பிடிச்சு வச்சதுக்கு நாங்களும்தானே தலையாட்டினோம்" என்றார், அவ்வளவுதான். அதன் பிறகு என் பக்கத்து நாற்காலியில் உட்கார வந்தவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் உட்கார்ந்தார்கள். உட்காரட்டும், உட்காராமல் போகட்டும்.

குவைத் வீட்டில் அவளுக்கு வெள்ளிக்கிழமை மட்டும்தான் போன் கையில் கிடைக்கும். மூன்று வெள்ளிக்கிழமை அடித்து, நாலாவதில்தான் எடுத்தாள். பின்னால் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. சொன்னேன். நான்தான், நீ இல்லை, நான்தான் என்று சொன்னேன். அவள் அந்தக் குழந்தையைத் தட்டித் தட்டிச் சமாதானப்படுத்தினாள். பிறகு கேட்டாள். "தீதி, என் மகள்கிட்ட சொல்வீங்களா? நான் போட்டோவை வித்துட்டேன்னு நினைச்சுக்கிட்டிருக்கா. போன் பண்ணினா எடுக்கவே மாட்டேங்கிறா."

மாமன் நம்பருக்கு மெசேஜ் போட்டு, பிள்ளையைக் கூப்பிடச் சொன்னேன். வாய்ஸ் மெசேஜில் வந்தாள். டிவி பார்த்துப் படித்த ஹிந்தி, தெளிவாக இருந்தது. நான் சொன்னதெல்லாம் கேட்டுவிட்டு, "அம்மா இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?" என்றாள். இல்லம்மா, சத்தியமாக இல்லை என்றேன். "எப்படி நம்புறது?" என்றாள்.

எனக்குக் கோபமே வரவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் என்னிடம்தானே இருக்கிறது. அக்காவுக்கு நான் அனுப்பிய மெசேஜை, படமும் தேதியும் மணியும் என் பேரும் தெரியும்படி அப்படியே ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பினேன். கீழே இருந்த தமிழ் வரி அவளுக்குப் புரியாது என்று, அதையும் ஹிந்தியில் சொன்னேன். நான்தான் பொறுப்பெடுத்து எல்லாம் பார்க்கிறேன் என்று எழுதியிருக்கிறது என்றேன்.

பிறகு ஒரே ஒரு கேள்வி வந்தது. "எதுக்கு அனுப்பினீங்க?"

"பெருமைக்கும்மா" என்று அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை குவைத்திலிருந்து குரல் வந்தது. "பேசினா தீதி! பதினெட்டு நிமிஷம் பேசினா." சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை, ரெண்டும்தான் போலிருக்கிறது. நானும் கூடவே அழுதேன். பிறகு, பிள்ளை திரும்பப் பள்ளிக்கூடம் போகிறாளா என்று கேட்டேன்.

"ஸ்கூல் ஏது தீதி? மாமன் வீட்டு மாடு பார்த்துக்கிட்டிருக்கா" என்றாள்.